தை மாதத்துத் தண்ணீர்

என்னுடைய வரைபடத்தை முதன்முதலாகப் பெரிய அளவில் நான் பார்த்தது சென்னையில், ஒரு கருத்தரங்கின் திரையில். அதன் மேலே வேறு இரண்டு பேருடைய பெயர் இருந்தது.

கடலோரத்தில் நிலத்தடி நீருக்குள் உப்பு எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறது என்று காட்டுகிற படம் அது. கடலை ஒட்டிச் சிவப்பு, உள்ளே வர வர மஞ்சள், அதற்கு அப்பால் பச்சை. நடுநடுவே கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிணறு, அல்லது ஓர் அடிபம்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். கடலூர் துறைமுகத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை, பஸ் போகிற இடத்துக்கு பஸ்ஸிலும் போகாத இடத்துக்கு நடந்தும் போய், குப்பி குப்பியாகச் சேகரித்த தண்ணீர். எந்த வீட்டு நாய் கடிக்க வந்தது, எந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள் என்பது வரை எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தபடியே ஞாபகம் வந்தது. மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தவருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் என் முனைவர் பட்ட வழிகாட்டி.

அவரைப் பேராசிரியர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பெயர் போடாததற்கு இரக்கம் காரணமில்லை. பெயர் போட்டால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரமாகிவிடும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தனியார் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள். அதன் இயக்குநர் அவர். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் தொலைக்காட்சிக்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். காலநிலை மாற்றம் என்று அவர் சொல்லும்போது, டாக்டர் ஒருவர் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரல் வந்துவிடும். முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. யாரைப் பார்த்தாலும் அம்மாவின் உடம்பை விசாரிப்பார். நான் சேர்ந்த அன்று, "திட்டக்குடிப் பக்கமா? மானாவாரி பூமியாச்சே. அப்பா இந்த வருஷம் என்ன போட்டிருக்காரு, மக்காச்சோளமா, பருத்தியா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஓர் இயக்குநர் என் அப்பா விதைத்ததைப் பற்றிக் கேட்டார் என்பதற்காகவே அவரை நம்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் போர் போட்டால் சில இடங்களில் வெறும் காற்றுதான் வரும். கடலோரத்தில் கையால் தோண்டினாலே தண்ணீர், ஆனால் வாயில் வைக்க முடியாது. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே விசித்திரமாக இருந்தது. அந்த விசித்திரம்தான் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் படத்தை முடித்து அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கூப்பிட்டார். "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. இரு, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவர் பார்த்துச் சொன்ன இடம் சென்னை மேடை. மேலே முதல் பெயர், நிலையத்தில் எனக்குப் பிறகு சேர்ந்த ஓர் ஆராய்ச்சி மாணவனுடையது. கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். ஆனால் ஒரு கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தவனில்லை. பேராசிரியரின் மகளுக்கும் அவனுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. இரண்டாவது பெயர் பேராசிரியருடையது.

மதிய உணவின்போது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். சுற்றிலும் வெளியூர்ப் பேராசிரியர்கள்.

"சார், அதுல என் பேரு இல்லியே?"

"கடசி ஸ்லைடு பாக்கலியா? நன்றின்னு போட்டு உன் பேருதான் மொதல்ல."

"வேலை முழுக்க நான் செஞ்சது சார்."

"யாரும்மா இல்லன்னது?" அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இதுங்க வேலை செய்யும், நாளைக்கே கல்யாணம் பண்ணிகிட்டுப் போயிடும். அவன் வெளிநாடு போவணும், பேப்பர் வேணும். உனக்குப் பேரு எதுக்கும்மா? தண்ணி எடுத்த புண்ணியம் இருக்கே, அது போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "புண்ணியமெல்லாம் ஸ்கோப்பஸ்ல ஏறுமா சார்?" என்று உலக ஆய்விதழ்ப் பட்டியலையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார். இன்னும் சிரிப்பு. பரிமாறுகிறவர் என் தட்டில் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போனார். சாம்பாரோடு அது கலந்து ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது அந்த மாணவன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு வந்தான். "அக்கா, நான் வேணாம்னுதான் சொன்னேன். மாமா கேக்கல" என்றான். அதற்குள் மாமா ஆகியிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மரக்காணம் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது என்னவென்று அப்போது எனக்குப் பெயர் தெரியவில்லை. இப்போது தெரியும். அது பழி வாங்கும் ஆசை. அதுவரை எனக்கு அது வந்ததே இல்லை.

மறுபடியும் கேட்டேன், இந்த முறை எழுத்தில். அவர் கூட்டம் போட்டார். எல்லா மாணவர்களும் உட்கார்ந்திருக்க, நிலையத்தின் ஒழுங்கைக் கெடுத்ததற்காக என்னை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கேட்காவிட்டால் வேறு இடத்துக்குப் போவதற்கான சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டார். கேட்ட பிறகும் அவர் வெகுநாள் போடவில்லை. என் மேசையை எடுத்துவிட்டுக் குப்பி கழுவுகிற அறைக்கு அனுப்பினார். கோடையில் மறுபடி தண்ணீர் எடுக்கவேண்டும் என்று சொன்னபோது, "தை மாசத்து சாம்பிள் இருக்குல்ல, அது போதும். வெயில்ல அலஞ்சி கறுத்துப் போவாத" என்று சொல்லிவிட்டார்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையில் மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. அந்த வருஷம் வெள்ளமாகப் பெய்திருந்தது. தை மாதத்தில் கிணறுகளில் நின்றது அந்த மழை. உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் ஒரு போர்வை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் போர்வை விலகும். கடல் எங்கே வரை வந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு பருவத்திலும் எடுக்காமல் எழுதுவது, காய்ச்சல் மாத்திரை போட்ட பிறகு ஜுரம் பார்ப்பதைப் போல. அவருக்கு இது தெரியாமல் இல்லை. மருமகனுக்கு அவசரம்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கோடையில் போனேன். கல்லூரியில் வேலை பார்த்த ஒரு தோழியிடம் உப்பு அளக்கிற மீட்டரை இரவல் வாங்கினேன். பைக் ஓட்டியது என் அத்தை மகன். சிதம்பரத்தில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அப்போது அத்தை மகன், பிறகு கணவர். இரண்டு நிலையிலும் எனக்கு மாமாதான். கத்திரி வெயிலில் அதே கிணறு, அதே பம்பு. தையில் பச்சையாக இருந்தது மஞ்சளாகியிருந்தது. மஞ்சளாக இருந்தது சிவப்பாகியிருந்தது. கடலோரக் கிராமம் ஒன்றில் குடத்தோடு நின்ற பெண், "தையில வந்தப்ப காப்பிக்கு ஆச்சில்ல? இப்ப பல்லு வெளக்கிப் பாரு" என்று சொல்லிக் கையில் ஊற்றினாள். துப்பிவிட்டேன்.

திரும்பும் வழியில் புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம்.

"இத அவருகிட்ட காட்டப் போறியா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

"பின்ன என்னா பண்ணுவ?"

"வச்சிருக்கப் போறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் யோசித்தாரா என்று பிறகு கேட்டிருக்கிறேன். "பயந்துதான் சம்மதிச்சேன்" என்பார்.

கடைசியில் கையெழுத்துக் கிடைத்தது. வேறு பல்கலைக்கழகம், வேறு வழிகாட்டி. இரண்டு பருவத்துத் தண்ணீரையும் வைத்து ஆய்வேட்டை முடித்தேன். அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் வாடகைக்கு வீடு பிடித்தோம். பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன், தேர் அன்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குச் சமைத்தேன். வெளியே பார்த்தால் எல்லாம் ஆறிப்போன மாதிரிதான். ஆனால் என் படத்தை வைத்து அவர்கள் இருவரும் வெளியிட்ட கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று மாதாமாதம் தேடிப் பார்ப்பேன், சிலர் ராசிபலன் பார்ப்பதைப் போல. எண்ணிக்கை கூடக் கூட எனக்கு வயிற்றெரிச்சலும் கூடும், ஒருவிதச் சந்தோஷமும் கூடும். எவ்வளவு உயரம் ஏறுகிறார்களோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். மருமகன் வெளிநாடு போனான், திரும்பி வந்தான், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவியில் சேர்ந்தான். பேராசிரியருக்கு முடி நரைத்து, தொலைக்காட்சியில் இன்னும் கம்பீரமாகத் தெரிந்தார். மாமா சேனலை மாற்றப் போவார். "இருக்கட்டும் மாமா, பாக்குறேன்" என்பேன்.

இப்படிப் பல வருஷம் போனது.

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கிளார்க் இருந்தார், கடலோரக் கிராமத்துக்காரர். ஒருநாள் மத்தியானம் என் செல்பேசிக்கு ஒரு கோப்பை அனுப்பிவிட்டு நேரிலும் வந்தார். "மேடம், எங்க ஊர்ல எறா கம்பெனி வருதாம். பண்ணையும் போட்டு, பேக்டரியும் கட்டி, ஆழமா போர் போடப் போறாங்களாம். சனங்க கருத்துக் கேக்கப் போறாங்க. இந்த ரிப்போர்ட்டு இங்கிலீஷ்ல இருக்கு. என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தேன். என் படம். அதே சிவப்பு, அதே மஞ்சள், அதே பச்சை. அந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் நல்ல தண்ணீர் இருக்கிறது, எடுத்தாலும் கடல் உள்ளே வராது என்று கீழே எழுதியிருந்தது. ஆலோசகர் என்று பேராசிரியரின் பெயர்.

படத்தைப் பெரிதாக்கினேன். அந்த ஊருக்குத் தெற்கே, பச்சைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. படத்தை முதலில் போட்டபோது ஓர் இடத்தின் தீர்க்கரேகையில் ஓர் எண்ணை மாற்றி அடித்திருந்தேன். அதனால் ஒரு கிணறு உப்பனாற்றின் நடுவில் போய் விழுந்திருந்தது. பிறகு ஆய்வேட்டில் திருத்திவிட்டேன். அவர்கள் எடுத்துக்கொண்டது திருத்துவதற்கு முந்தைய படம். இத்தனை வருஷமாக அந்தக் கிணறு ஆற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை.

"என்னா மேடம், எதாச்சும் தப்பா இருக்கா?" என்றார் கிளார்க்.

"இருக்கு. நான் கூட்டத்துக்கு வரேன்னு உங்க ஊர்ல சொல்லுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் மாமா கேட்டது சரியான கேள்வி. "ஆட்சேபணைய எழுத்துல குடுக்கலாம்னுதான போட்டிருக்கு? குடுத்துட்டா வேல முடிஞ்சிச்சில்ல?"

"முடிஞ்சிடும் மாமா. அவரு வீட்ல சேர்ல சாஞ்சிகிட்டு இருக்கிறப்பவே முடிஞ்சிடும். யாருக்கும் தெரியாது. நம்பர் தப்பா அடிச்சிட்டாங்கன்னு ஒரு திருத்தம் போட்டுட்டுப் போயிடுவாரு. எனக்கு அது பத்தாது. அவரு மைக் முன்னால நிக்கணும்."

"அந்த ஊரு சனங்களுக்காவன்னு சொல்லு, நான் கூட வரேன்."

"அவுங்களுக்காவவும்தான்."

இப்படிச் சொன்னேனே தவிர, உண்மை எனக்குத் தெரியும். அந்த ஊர் மக்களின் கிணறுகளுக்காக நான் போராடியதாகப் பிறகு பத்திரிகையில் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் புடவையை எடுத்து இஸ்திரி போட்டபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது கிணறுகளை அல்ல. வெளியூர்ப் பேராசிரியர்களின் சிரிப்பை.

கூட்டம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காருகிற மேடையில் நீள மேசை போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை வகித்தவர் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் கம்பெனி ஆட்கள், அவர்களுக்கு அடுத்து பேராசிரியர். கீழே ஊர்க்காரர்கள், போலீஸ், கேமராக்கள். என்னைப் பார்த்ததும் பேராசிரியரின் முகம் மலர்ந்தது. நடிப்பு இல்லை, நிஜமான சந்தோஷம். அவர் எல்லாவற்றையும் மறந்திருந்தார். எனக்கு அதுதான் அதிகமாக உறைத்தது.

அவர் பேசி முடித்ததும் கேள்வி கேட்க எழுந்தேன். பெயரும் கல்லூரியும் சொன்னேன். "நம்ம பொண்ணுதான்" என்று அவர் அதிகாரியிடம் சொன்னது மைக்கில் கேட்டது.

"சார், இந்தப் படத்துக்குத் தண்ணி எந்த மாசம் எடுத்தீங்க?"

"இது வருஷம் முழுக்க எடுத்ததும்மா. சராசரி."

"கோடையிலயும் எடுத்தீங்களா?"

"எடுக்காம எப்படி? நீயே இந்தத் துறையில இருக்க. உனக்குத் தெரியாதா?"

"யாரு எடுத்தாங்க சார்?"

நான் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான். அந்த நேரத்தில் அவர், "இந்தப் பொண்ணு எடுத்ததுதான்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆற்றுக்குள் விழுந்த புள்ளியும் என் தப்பாகி, என் கேள்விகள் எல்லாம் அங்கேயே செத்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கூட்டத்துக்கு முன்னால் தூக்கமில்லாமல் புரண்டபோதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது அவர் வாயில் வராது என்று ஒரு நம்பிக்கை. அதை நம்பித்தான் வந்திருந்தேன்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "என்னோட நேரடி மேற்பார்வைல எடுத்தது. முக்கியமான கெணறுங்களுக்கு நானே போயிருக்கேன்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு சார். இந்த ஊருக்குத் தெக்கால பச்சைக்குள்ள ஒரு புள்ளி இருக்கே, அது அடிபம்பா, கெணறா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "கெணறு. தொறந்த கெணறு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எறங்கறதுக்குப் படியெல்லாம் இருக்கும். எளநி மாதிரி தண்ணி."

இளநீர் என்று அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அது அவரே கூடச் சேர்த்துக்கொண்டது.

அறிக்கையின் இணைப்பில் அச்சாகியிருந்த அட்சரேகை, தீர்க்கரேகையை நான் நிதானமாக வாசித்தேன். அம்மா, உங்கள் செல்பேசியில் போட்டுப் பாருங்கள் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். அவர் போட்டார். விரலால் பெரிதாக்கினார். பக்கத்து அதிகாரியிடம் காட்டினார். பிறகு மைக்கை இழுத்து, "சார், இது ஆத்துக்குள்ள இருக்கே" என்றார்.

பின்னால் கைலி கட்டின ஒரு மீனவர் எழுந்தார். "எங்க, முகத்துவாரத்துக்கு இப்பாலிக்கவா? அங்க நம்ம போட்டுதான்மா நிக்குது. கெணறு இருந்தா இந்நேரம் உள்ள வுழுந்திருப்பேன்!"

சிரிப்பு எழுந்தது. சென்னையில் கேட்ட சிரிப்பு மாதிரி இல்லை இது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், போலீஸ்காரர் ஒருவர் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மூடி கீழே விழுந்து மேடையின் விளிம்புவரை உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளிகூடத் தவறவிடக் கூடாது என்று பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு நிறைவு இருந்ததாக ஞாபகமில்லை.

பிறகு என் ஆய்வேட்டின் பிரதியைக் கொடுத்தேன். தை மாதத்துப் படம், வைகாசி மாதத்துப் படம், இரண்டையும் திரையில் அடுத்தடுத்துப் போட்டார்கள். பச்சை இருந்த ஊர் மஞ்சளானதை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவர்களே பேசினார்கள்.

வெளியே கார் பக்கத்தில் அவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "இத நீ தனியா வந்து சொல்லியிருக்கலாமேம்மா. நான் திருத்தியிருக்க மாட்டனா?"

"நான் தட்ட கையில வச்சிகிட்டு நின்னப்ப நீங்க தனியாவா சார் சொன்னீங்க?"

அவருக்குப் புரியவில்லை. எந்தத் தட்டு என்ற மாதிரி பார்த்தார். நிஜமாகவே ஞாபகமில்லை. நான் நினைவூட்டவும் இல்லை. அவர் யோசித்துக்கொண்டே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறிக்கையைக் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஊரை விட்டு வேறு கடற்கரை தேடிப் போய்விட்டார்கள் என்று கிளார்க் சொன்னார். கூட்டத்தில் நடந்தது செல்பேசிகளில் சுற்றியது. புயல் வந்தபோது தொலைக்காட்சியில் வேறு ஒருவர் பேசினார். மாமா, "இப்ப போதுமா?" என்று கேட்டார். போதவில்லை. கட்டுரை இன்னும் அப்படியே இருந்தது. மேலே அதே இரண்டு பெயர். அவர்கள் கோடையில் தண்ணீர் எடுக்கவில்லை என்பதையும், படம் யாருடையது என்பதையும் விளக்கி, மாசியில் படத்தோடு நான் பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் சேர்த்து, அதை வெளியிட்ட ஆய்விதழுக்குப் புகார் அனுப்பினேன். ஆய்விதழ்கள் இந்த விஷயத்தில் நத்தை மாதிரி. ஆனாலும் நகர்ந்தது. விளக்கம் கேட்டு அவர்கள் இருவருக்கும் கடிதம் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு பேராசிரியருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் அவர் மனைவி போன் செய்தார். "உன்னப் பாக்கணும்னு சொல்றாரும்மா. ஒரு நட வந்துட்டுப் போ." அந்த அம்மா ஆராய்ச்சி நிலையத்தில் எங்கள் எல்லோருக்கும் பொங்கலுக்கு வேட்டி, புடவை எடுத்துக் கொடுத்தவர். நான் குப்பி கழுவிக்கொண்டிருந்த நாட்களில், டிரைவரிடம் எனக்கென்று தனியாகச் சாப்பாடு கொடுத்தனுப்பியவர். அவருக்காகப் போனேன்.

சிதம்பரத்தில்தான் வீடு. கூடத்தில் கட்டில் போட்டுச் சாய்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பார்க்க வந்திருந்த இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்களிடம் கையைக் காட்டினார்.

"இதான் நான் சொன்ன பொண்ணு. அன்னிக்கி மஞ்சக்குப்பத்துல என்னையே நிக்க வச்சிக் கேள்வி கேட்டா. அத்தன பேருக்கு முன்னால! யாருக்கு வரும் அந்தத் தைரியம்? எல்லாம் நம்மகிட்ட கத்துகிட்டதுதான்."

வந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குக் காதுமடல் எரிந்தது. என் தண்ணீரை எடுத்துக்கொண்டார், என் படத்தை எடுத்துக்கொண்டார். இப்போது என் பழியையும் தன் பேரில் எழுதிக்கொள்கிறார். இப்படி ஒருவரை எங்கே அடித்தால் வலிக்கும்?

அவர்கள் போன பிறகு அந்த அம்மா காப்பி கொண்டுவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்கு அந்தப் பேப்பர வச்சித்தான்மா வேலையே. அது போச்சின்னா அவர நிறுத்திடுவாங்களாம். பொண்ணு மாசமா இருக்கா. நீ எழுதினத வாபஸ் வாங்கிக்கம்மா. இவரு செஞ்சது தப்புதான். நான் உன் கையப் புடிச்சிக் கேக்கறேன்." பிடித்துக்கொண்டார். சூடான, ஈரமான கை.

நான் பேராசிரியரைப் பார்த்தேன். "சார் கேக்கட்டும்" என்றேன்.

"என்னா கேக்கணும்?" என்றார் அவர்.

"தண்ணி யாரு எடுத்தது, படம் யாரு போட்டதுன்னு சொல்லுங்க. இங்கயே, உங்க வீட்டம்மாகிட்ட. வேற யாருக்கும் வேணாம். சொன்னீங்கன்னா நான் வாபஸ் வாங்கறேன்."

சத்தியமாக வாங்கியிருப்பேன். அந்த அம்மாவின் கை என் கையின்மேல் இருந்தது. அவர் மின்விசிறியைப் பார்த்தார். வெளியே யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். அந்த அம்மா, "சொல்லுங்களேன். சொல்லிடுங்களேன்" என்று இரண்டு தரம் சொன்னார்.

"ஒரு டீமா செஞ்ச வேலைம்மா அது" என்றார் அவர். "அதுல நீயும் இருந்த."

நான் கையை விடுவித்துக்கொண்டேன். "காப்பி நல்லாருந்திச்சிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல்வரை அந்த அம்மா வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கதவின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, உள்ளே இருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுரையை ஆய்விதழ் நீக்கியது. இப்போது அதைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு எழுத்தில் நீக்கப்பட்டது என்று வரும். நான் அவ்வப்போது திறந்து பார்ப்பதுண்டு. மருமகனுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை நீடிக்கவில்லை. கடலூரில் ஏதோ ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் வகுப்பு எடுக்கிறான் என்று கேள்வி. பேராசிரியர் உடம்பு தேறி எழுந்துவிட்டார். சொந்தமாக ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்து, உலகம் எப்படி அழியப்போகிறது என்று வாராவாரம் சொல்கிறார். பார்க்கிறவர்கள் ஜாஸ்தி இல்லை. ஆனால் குரல் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் சிதம்பரம் ரயில் நிலையத்தில் அவருடைய மகளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு கட்டைப்பை. அந்தக் காலத்தில் நிலையத்துக்கு வரும்போதெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து குப்பிகளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுத்தவள். என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்தாள். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தே அவளுக்கு நடந்தது. அவள் போவதைப் பார்த்துக்கொண்டே எனக்கு மனம் இளகும் என்று காத்திருந்தேன். நான் இவ்வளவு படித்தவள், இவ்வளவு வயதானவள், ஏதாவது வரவேண்டும் அல்லவா? ரயில் வந்தது, அவள் ஏறினாள், ரயில் போனது. ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, கடைச் சாவியை ஆணியில் மாட்டினார்.

"பாவமா இருந்திச்சா?"

"இல்ல மாமா."

"கொஞ்சங்கூடவா?"

"அவரு அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா இருந்திருக்கும்."

அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். சாப்பாடு எடுத்து வைத்தேன். மத்தி மீன் குழம்பு, காலையில் வைத்தது. இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு நல்ல பசி. இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.